கை ஏன் வட்டத்துக்கே போகிறது

2023-ல் இணையத்தில் ஒரு விளையாட்டு பரவியது. திரையின் நடுவே ஒரு புள்ளி. அதைச் சுற்றி மவுஸாலோ விரலாலோ ஒரு வட்டம் போட வேண்டும், எத்தனை சதவீதம் சுத்தமான வட்டம் என்று அது மார்க் போடும். விளையாட்டே அவ்வளவுதான். எங்கள் அலுவலகத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் முழுக்க இதற்கே போனது. கணக்குப் பிரிவில் ஒருத்தர் 97 வாங்கிவிட்டார் என்று கேள்விப்பட்டு, டீ குடிக்கக் கிளம்பியவர்கள் பாதிப் படியில் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். நான் 94-ஐத் தாண்டவே இல்லை, வீட்டுக்கு வந்தும் போட்டுப் பார்த்தேன். அப்புறம்தான் யோசித்தேன்: இதே விளையாட்டைச் சதுரத்துக்கு வைத்திருந்தால் யாராவது இரண்டாவது தடவை போட்டிருப்பார்களா?

போனில் பேசிக்கொண்டிருக்கும்போது கையில் பேனா இருந்தால் தாளின் ஓரத்தில் வட்டத்தின் மேல் வட்டம் விழுகிறது. கடற்கரையில் உட்கார்ந்தால் விரல் மணலைச் சுழிக்கிறது. மேசையில் டம்ளர் வைத்த ஈரத்தடத்தைக்கூட விரலால் இழுத்து இன்னொரு சுற்று சுற்றாமல் விட மனசு வருவதில்லை. யாரும் சொல்லிக்கொடுத்த பழக்கம் இல்லை இது.

இதற்குப் பெரிய பதில்கள் உண்டு. உளவியலாளர் கார்ல் யுங், முதல் உலகப் போரின் கடைசிக் காலத்தில் சுவிட்சர்லாந்தில் ராணுவப் பணியில் இருந்தபோது, தினமும் காலையில் ஒரு நோட்டில் வட்ட வடிவமாக ஒரு ஓவியம் போட்டுவந்தார். அதைத்தான் பிற்பாடு மண்டலம் என்றும், மனிதனின் முழுமையான ‘தான்’ என்பதன் வடிவம் என்றும், மனிதகுலம் முழுவதற்கும் பொதுவான ஆழ்மனத்திலிருந்து அது வருகிறது என்றும் விரித்து எழுதினார். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ‘ஏன் வட்டம்?’ என்று கேட்டால் ‘ஆழத்தில் வட்டம் இருக்கிறது’ என்பது, கேள்வியையே கொஞ்சம் அலங்கரித்துத் திருப்பிக் கொடுக்கிற மாதிரிதான் எனக்குப் படுகிறது. அவ்வளவு ஆழத்துக்குப் போகும் முன் தோள்பட்டையைப் பார்க்கலாம்.

தோள், முழங்கை, மணிக்கட்டு. இதில் ஏதாவது ஒரு மூட்டை மட்டும் அசைத்து மற்றதை இறுக்கிப் பிடித்துக்கொண்டால் விரல் நுனி வளைந்துதான் போகும், வேறு வழியே கிடையாது, ஏனென்றால் நம் கை காம்பஸ் மாதிரி, ஒரு முனை ஊன்றி மறுமுனை சுழல்கிற அமைப்பு. நேர்கோடு போட வேண்டுமானால் தோளும் முழங்கையும் ஒரே சமயத்தில், ஒன்று வளைத்ததை இன்னொன்று நிமிர்த்துகிற மாதிரி, சேர்ந்து வேலை பார்க்க வேண்டும். கரும்பலகையில் ஸ்கேல் இல்லாமல் நீளமாகக் கோடு போட்டுப் பழகிய எந்த டீச்சரையும் கேளுங்கள், கோடு கடைசியில் கீழே தொங்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. கை எழுதும்போதும் வரையும்போதும் வளைவான இடத்தில் தானாகவே வேகம் குறைகிறது, வளைவு எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு குறைகிறது, அதுவும் ஒரு ஒழுங்கான கணக்குப்படி. இதை 1983-ல் ஆய்வாளர்கள் அளந்து ஒரு விதியாகவே எழுதினார்கள். வட்டத்தில் வளைவு எல்லா இடத்திலும் ஒன்றுதான். அதனால் ஒரே வேகத்தில் நிற்காமல் போய்க்கொண்டே இருக்கலாம். சதுரத்தில் நான்கு மூலைக்கு நான்கு தடவை பிரேக் போட்டு, திசை மாற்றி, மறுபடி கிளம்ப வேண்டும், டவுன் பஸ் மாதிரி. போன் பேசிக்கொண்டே போடுகிற கிறுக்கலில் யாருக்கு அந்தப் பொறுமை இருக்கும்?

குழந்தைகளிடம் இது இன்னும் பளிச்சென்று தெரியும். குழந்தை மருத்துவர்கள் வளர்ச்சியைச் சோதிக்க ஒரு எளிய வழி வைத்திருக்கிறார்கள்: படத்தைக் காட்டி, பார்த்துப் போடச் சொல்வது. வட்டம் ஏறக்குறைய 3 வயதில் வந்துவிடும். கூட்டல் குறி 4 வயதில். சதுரம் நாலரை, ஐந்து. முக்கோணம் ஐந்தை ஒட்டி அல்லது அதற்குப் பிறகு. டயமண்ட் வடிவம் வர 6, 7 வயது ஆகிவிடும். சதுரத்தில் நான்கு கோடு, டயமண்டிலும் நான்கு கோடு, இருந்தும் இரண்டுக்கும் நடுவில் இத்தனை மாதங்கள்.

ரோடா கெல்லாக் என்று ஒரு அம்மையார், சான் பிரான்சிஸ்கோவில் மழலையர் பள்ளி நடத்தியவர், பல நாட்டுக் குழந்தைகளின் கிறுக்கல்களைப் பத்து லட்சத்துக்கும் மேல் சேர்த்துவைத்தார். அடிப்படைக் கிறுக்கல்கள் 20 வகை என்று பிரித்து, அதிலிருந்து குழந்தை எப்படிப் படிப்படியாக வட்டத்துக்கும், வட்டத்தைச் சுற்றிக் கதிர் போட்ட சூரியனுக்கும், அங்கிருந்து கைகால் முளைத்த மனிதனுக்கும் வந்து சேர்கிறது என்று 1969-ல் புத்தகமாகவே எழுதினார். எல்லாக் குழந்தையும் இதே வரிசையில்தான் வருகிறதா என்பதில் பின்னால் வந்தவர்கள் அவரோடு சண்டை போட்டிருக்கிறார்கள். அது போகட்டும். ஒரு குழந்தையை ஆறு மாதம் கவனித்தாலே அவர் சொன்னதில் பெரும்பகுதி கண்ணில் படும்.

அக்கா மகளுக்குப் போன வருடம் 3 வயது முடிந்த சமயம். ஹாலில் ஒரு சுவர் அவளுடையது என்று எழுதாத ஒப்பந்தம். முதலில் நூல்கண்டு மாதிரி சுற்றிச் சுற்றிக் கிறுக்கிக்கொண்டிருந்தாள், தோளிலிருந்து முழுக்கையும் ஆட. ஒரு நாள் ஒரே ஒரு சுற்று போட்டு, கோடு ஆரம்பித்த இடத்தில் வந்து முட்டியதும் கையை எடுத்துவிட்டாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். “மாமா, தோசை” என்றாள். அப்புறம் அந்தத் தோசைக்குள் இரண்டு புள்ளி வைத்து, அதன் அடியிலிருந்து நேரே இரண்டு காலை இழுத்துவிட்டு, “அம்மாச்சி” என்று என் அம்மாவைக் காட்டினாள். கழுத்தும் இல்லை, வயிறும் இல்லை, தலையிலிருந்தே கால். உலகம் பூராவும் குழந்தைகள் முதலில் போடுகிற மனுஷன் இப்படித்தான் இருப்பான்.

எனக்கு அந்த முட்டிய இடம்தான் முக்கியமாகப் படுகிறது. கோடு ஆரம்பித்த இடத்துக்குத் திரும்பி வந்து சேர்கிற வரை அது வெறும் கோடு, எங்கேயோ போகிற பாதை. சேர்ந்தவுடன் ஒரு உள், ஒரு வெளி. உள்ளே இருப்பது ஒரு பொருள், அதற்குப் பேர் வைக்கலாம், கண் வைக்கலாம். கை சும்மா சுழன்றதில் தற்செயலாகக் கிடைத்த வடிவம்தான், ஆனால் கிடைத்தபின் குழந்தை அதை விடுவதில்லை.

சரி, கை வளைகிறது, மூட்டு இருக்கிறது. கால்? நேராக நடக்கிறோமே?

நடப்பதில்லை என்பதுதான் வேடிக்கை. ஜெர்மனியின் டூபிங்கனில் உள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தைச் சேர்ந்த யான் சௌமன் என்பவரும் குழுவினரும் 2009-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். ரைன் நதிப் பக்கம் இருக்கிற பீன்வால்ட் காட்டில் ஆட்களை விட்டு, ஜிபிஎஸ் கருவியைக் கட்டிவிட்டு, ‘நேராகப் போய்க்கொண்டே இருங்கள்’ என்று மட்டும் சொன்னார்கள். வெயில் இருந்த நாளில் நடந்தவர்கள் ஏறக்குறைய நேராகவே போனார்கள். மேகம் மூடிய நாளில் நடந்த 4 பேரும் சுற்றிச் சுற்றி வந்தார்கள், அவர்களில் 3 பேர் தாங்கள் ஏற்கெனவே நடந்த பாதையையே குறுக்கே வெட்டிக்கொண்டு, அதுவும் தெரியாமல். துனீசியாவில் சகாரா மணலிலும் சிலரை நடக்கவிட்டார்கள். அங்கே இரவில் நடந்தவர், நிலா மறையும் வரை ஒழுங்காகப் போய்விட்டு, மறைந்தபின் வந்த வழியே திரும்பும் அளவுக்கு வளைந்துவிட்டார். கண்ணைக் கட்டிவிட்டபோது நிலைமை இன்னும் மோசம். சில சமயம் 20 மீட்டர் குறுக்களவுகூட இல்லாத வட்டம், ஒரு கல்யாண மண்டபத்துக்குள் அடங்கிவிடும்.

ஒரு கால் கொஞ்சம் குட்டை, அதனால்தான் என்று வெகுகாலமாக ஒரு விளக்கம் உண்டு. அதுவும் சரிப்படவில்லை, ஏனென்றால் ஒரே ஆள் ஒரு சமயம் இடப்பக்கமும் இன்னொரு சமயம் வலப்பக்கமும் வளைந்தார். அவர்கள் கொடுத்த விளக்கம் இது: ‘இதுதான் நேர்’ என்று உள்ளுக்குள் நமக்கு ஒரு உணர்வு இருக்கிறது, ஒவ்வொரு அடியிலும் அதில் ஒரு துளிப் பிசகு சேர்கிறது, வெளியே சூரியனோ மலையோ கோபுரமோ இருந்து திருத்தாவிட்டால் அந்தப் பிசகு சேர்ந்து சேர்ந்து ‘நேர்’ என்பதே வளைந்துவிடும். ஊர்ப்பக்கம் ராத்திரியில் பனங்காட்டு வழியே வந்தவரை முனி விடிய விடியச் சுத்தவிட்டது, விடிந்து பார்த்தால் கிளம்பிய இடத்திலேயே நிற்கிறார் என்று கதை சொல்வார்களே, அந்த முனியை நான் இப்போது கொஞ்சம் மரியாதையோடுதான் பார்க்கிறேன்.

ஆக, நான் சொல்ல வருவது இதுதான். மனிதன் ஏன் வட்டம் போடுகிறான் என்ற கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போட வேண்டும். விட்டால் நாம் வளைந்துதான் போவோம். நேராகப் போகத்தான் ஸ்கேலும், தூக்குக் குண்டும், தொடுவானத்தில் ஒரு அடையாளமும் வேண்டியிருக்கிறது.

கண்ணுக்கும் இதில் பங்கு உண்டு, ஆனால் இதை அளவுக்கு மீறி ஊதிப் பெருக்கிவிட்டார்கள். 2006-ல் மோஷே பார், மைட்டல் நெட்டா என்ற இருவர், ஒரே பொருளைக் கூர்முனையோடும் வளைவோடும் இரண்டு விதமாகக் காட்டி, ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத நேரத்தில் பிடிக்கிறதா பிடிக்கவில்லையா என்று கேட்டார்கள். வளைவுதான் ஜெயித்தது. கூர்முனை என்றால் ஆபத்து என்று மூளை எச்சரிக்கிறது என்பது அவர்கள் தரப்பு. இருக்கலாம். ஆனால் கூர்மையானதைப் பிடிக்காமல் போவதற்கும், உட்கார்ந்து வட்டம் வட்டமாகப் போட்டுத் தள்ளுவதற்கும் நடுவில் நிறையத் தூரம் இருக்கிறது. முள்ளுக்குப் பயப்படுகிறவன் எல்லாம் பந்து செய்யப் போவதில்லையே.

இதையெல்லாம் விட என்னை உட்காரவைத்த விஷயம் பிரான்சில் ஒரு குகையில் இருக்கிறது.

தென்மேற்கு பிரான்சில், அவேரோன் ஆற்றின் பள்ளத்தாக்கில், ப்ரூனிகெல் என்ற ஊர். அங்கே ஒரு சரிவில் கற்களுக்கு இடையிலிருந்து காற்று வருவதைக் கண்டு, குகை இருக்க வேண்டும் என்று ஒரு பள்ளிக்கூடப் பையன் 3 வருடம் கல்லை அகற்றிக்கொண்டே இருந்து, 1990-ல் வழியைத் திறந்தான். உள்ளே 336 மீட்டர் போனால், வெளிச்சத்துக்கு எந்த வழியும் இல்லாத ஒரு கூடத்தில், தரையில் இரண்டு வளையங்கள். குகைத் தரையிலிருந்து தூண் மாதிரி வளர்கிற கசிதுளிப் படிவுகளை உடைத்து, அந்தத் துண்டுகளை அடுக்கிச் செய்த வளையங்கள். பெரியது 6.7-க்கு 4.5 மீட்டர். சின்னது 2.2-க்கு 2.1, கிட்டத்தட்ட வட்டமே. மொத்தம் 400 துண்டுகளுக்குப் பக்கம். வரிசையாக நீட்டிவைத்தால் 112 மீட்டர் வரும், எடை 2.2 டன். துண்டுகளை ஏறக்குறைய ஒரே அளவாகப் பார்த்து உடைத்திருக்கிறார்கள், மேலே அடுக்கியது சரியாமல் இருக்கக் குறுக்கே முட்டுக்கொடுத்திருக்கிறார்கள். வளையங்களின் மேல் தீ எரித்த தடம் இருக்கிறது.

முதலில் கரடி எலும்பை வைத்துக் காலம் பார்த்ததில், ரேடியோ கார்பன் முறையால் அளக்கக்கூடிய எல்லையையே தொட்டுவிட்டது. பிற்பாடு சோஃபி வெர்ஹைடன், ஜாக் ஜோபேர், டொமினிக் ஜான்டி ஆகியோரின் குழு, உடைத்த துண்டுகளின் மேல் புதிதாக வளர்ந்த படிவை யுரேனியம் முறையில் அளந்து 2016-ல் வெளியிட்டது: 1,76,500 வருடம். இன்றைய மனித இனம் ஐரோப்பாவில் குடியேறி வாழத் தொடங்குவதற்கு வெகு முன்னால். அப்போது அங்கே இருந்தவர்கள் நியாண்டர்தால்கள்தான்.

இந்தக் காட்சியை மனசில் ஓட்டிப் பார்க்கச் சிரமமாகத்தான் இருக்கிறது. கையில் தீ, மூன்று தெரு தூரத்துக்குக் குகைக்குள் நடை. ஒருத்தர் உடைக்க, ஒருத்தர் தூக்க, ஒருத்தர் அடுக்க, 2 டன் கல். தங்கும் இடமா, சடங்கா, வேறு எதுவுமா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. ஆனால் அடுக்கத் தொடங்கியபோது அவர்கள் கை போன வடிவம் இது. வரிசையாகச் சுவர் வைக்கவில்லை. குவித்துப் போட்ட இடங்களும் இருக்கின்றன, ஆனால் பெரிய உழைப்பு போனது வளையத்துக்கு.

அதற்குப் பிறகு எங்கே தோண்டினாலும் வட்டம்தான். ரஷ்யாவில் டான் நதிப் பக்கம் கொஸ்தியோங்கியில் மம்மூத் யானைகளின் எலும்பை அடுக்கிச் செய்த ஒரு வளையம் இருக்கிறது, 12.5 மீட்டர் குறுக்களவு, 25,000 வருடப் பழசு, அறுபதுக்கும் மேற்பட்ட யானைகளின் எலும்பு அதில் போயிருக்கிறது. துருக்கியில் கோபெக்லி தெப்பேயில் 11,000 வருடத்துக்கு முன் பல டன் எடையுள்ள தூண்களை நிறுத்தி வளைவாக மதில் கட்டினார்கள். நம்மூரிலும் தான், நொய்யல் கரையில் கொடுமணலில் போய்ப் பாருங்கள், இரும்புக் காலத்து ஈமக்காட்டில் பலகைக் கல்லால் அறை செய்து இறந்தவரைச் சேர்த்தபின் சுற்றிலும் உருண்டைப் பாறைகளைப் பதித்திருக்கிறார்கள். கல்வட்டம் என்றே அதற்குப் பெயர்.

வீடும் அப்படித்தான் ஆரம்பித்தது. மேற்காசியாவில் மனிதர்கள் ஒரே இடத்தில் தங்கத் தொடங்கியபோது கட்டிய குடிசைகள் வட்டம், சில ஆயிரம் வருடம் கழித்துத்தான் செவ்வகம் வருகிறது. கென்ட் ஃப்ளானரி என்ற தொல்லியலாளர் 1972-ல் இதற்கு ஒரு காரணம் சொன்னார், எனக்கு மிகவும் பிடித்த காரணம். வட்ட வீட்டை ஒட்டி இன்னொரு அறை எடுக்க முடியாது. பிள்ளைக்குக் கல்யாணம் ஆனால், நெல்லைப் பூட்டிவைக்க வேண்டும் என்றால், செவ்வகத்தில் சுவரோடு சுவராக இன்னொரு அறையை ஒட்டிக்கொண்டே போகலாம். வட்டத்தில் தனியாக இன்னொரு குடிசைதான். குடும்பச் சொத்து என்று ஒன்று வந்த பிறகுதான் மூலைக்கு வேலை வருகிறது என்பது மாதிரி. இதனால் வட்ட வீடு ஒழிந்துபோகவும் இல்லை. ஆந்திரத்தின் வட கடற்கரை மாவட்டங்களில் புயல்காற்றுக்குத் தாக்குப்பிடிக்கிற வட்டமான மண் வீடுகள் இருக்கின்றன. சுட்டில்லு என்பார்கள். நம் சொல்லில் சொன்னால் சுற்று இல்.

இங்கே ஒரு சின்ன விஷயத்தைக் கவனிக்க வேண்டும், ரொம்பப் பேர் இதை விட்டுவிடுகிறார்கள். வட்டம் என்பது மலிவான வடிவம். ஒரு முளை, ஒரு கயிறு போதும். முளையை அடித்துக் கயிற்றைக் கட்டி, மறுமுனையில் குச்சியைப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்று வந்தால், படிப்பே இல்லாதவரும் துல்லியமான வட்டம் போட்டுவிடலாம். கிணறு வெட்டுகிறவர்கள் இப்படித்தான் தரையில் வட்டம் கீறுவார்கள். (வட்டக் கிணற்றில் மண் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி அழுத்துவதால் சரியாது. பாறையில் வெட்டுகிற இடங்களில் அந்தப் பயம் இல்லாததால் சதுரக் கிணறும் பார்க்கலாம்.) ஆனால் சரியான மூலைமட்டம் வேண்டுமானால் மூன்று, நான்கு, ஐந்து என்று அளந்து பிடிக்கிற கணக்கு தெரிந்திருக்க வேண்டும், வீட்டுக்கு மட்டம் பிடிக்கும் கொத்தனாருக்கு அது இன்றைக்கும் தனி வேலை. போதாததற்கு, ஒரே நீளக் கயிற்றால் வளைக்கக்கூடிய இடத்தில் மிகப் பெரியது வட்டம்தான். வேலி குறைவு, இடம் அதிகம்.

இந்த மலிவுக்கு ஒரு நல்ல உதாரணம் இங்கிலாந்தில் நடந்தது. 1970-களின் பிற்பகுதியிலிருந்து தெற்கு இங்கிலாந்துக் கோதுமை வயல்களில் ராத்திரியோடு ராத்திரியாக வட்டங்கள் முளைத்தன, பயிர் சுழித்துப் படுத்திருக்கும், நடுவில் காலடித் தடம் இருக்காது. வேற்றுக்கிரகத்தார், சூறாவளி, பூமியின் சக்தி என்று புத்தகங்கள் வந்தன. 1991-ல் டக் போவர், டேவ் சோர்லி என்ற இரண்டு பேர், அறுபதைத் தாண்டிய மனிதர்கள், ‘நாங்கள்தான்’ என்றார்கள். பீர் கடையில் பேசிக்கொண்டிருந்துவிட்டு ஆரம்பித்த வேலை. கருவி: ஒரு பலகை, அதன் இரு முனையிலும் கட்டிய ஒரு கயிறு. செய்தியாளர்கள் முன்னால் ஒன்று போட்டுக் காட்டி, அதை அந்தத் துறையின் நிபுணர் ஒருவரிடம் காட்டியபோது, மனிதர் செய்திருக்கவே முடியாது என்று அவர் சான்றும் கொடுத்துவிட்டார். எனக்கு இதில் வேற்றுக்கிரகத்தைவிடப் பெரிய ஆச்சரியம் வேறு: பத்து வருடத்துக்கும் மேலாக, காசு இல்லாமல், பெயர் இல்லாமல், ராத்திரி வேளையில் ஈர வயலில் போய் இரண்டு பேர் வட்டம் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

கையும் கயிறும் போக, கூட்டம் என்று ஒன்று இருக்கிறது. வட்டத்தை யாரும் போடாமலேயே போடுவது கூட்டம். தெருவில் வித்தை காட்டுகிறவர் உடுக்கையை அடிக்கிறார் என்று வையுங்கள். முதலில் நிற்பது நாலு பையன்கள், அரைவட்டம். பத்து நிமிடத்தில் முழு வட்டம், யாரும் சுண்ணாம்புக் கோடு போடவில்லை. ஒவ்வொருவருக்கும் வேண்டியது ஒன்றுதான், முடிந்தவரை பக்கத்தில் நின்று மறைக்காமல் பார்க்க வேண்டும். எல்லோரும் அதையே செய்தால் வருவது வட்டம். தீயைச் சுற்றி உட்கார்ந்தாலும் இதே கதை. சூடு எல்லாப் பக்கமும் சமமாகப் போகிறது, ஆட்களும் சமமான தூரத்தில். ப்ரூனிகெல் வளையங்களில் தீத்தடம் இருக்கிறது என்று படித்தபோது எனக்கு முதலில் ஓடியது இந்த நினைப்புதான், ஆனால் அது வெறும் நினைப்பு.

நின்று பேசுவதைக்கூட ஆடம் கெண்டன் என்ற ஆய்வாளர் 1970-களில் படம்பிடித்து ஆராய்ந்தார். மூன்று நான்கு பேர் பேச நின்றால் நடுவில் ஒரு காலி இடம் உண்டாகிறது, எல்லோர் உடம்பும் அதை நோக்கித் திரும்பியிருக்கும், அதற்குள் யாரும் காலை வைப்பதில்லை. புதிதாக ஒருவர் வந்தால் மற்றவர்கள் பேச்சை நிறுத்தாமலேயே அரை அடி பின்னே நகர்ந்து வளையத்தைப் பெரிதாக்குவார்கள். வந்தவரை இவர்களுக்குப் பிடிக்காவிட்டால் அந்த அரை அடி நடக்காது. கல்யாண வீட்டு வாசலில் ஐந்து நிமிடம் நின்று பார்த்தால் யார் யாருக்குள் பேச்சுவார்த்தை இல்லை என்று கண்டுபிடித்துவிடலாம்.

வட்டத்தில் தலைமாடும் இல்லை, கால்மாடும் இல்லை, அது அரசியலிலும் உதவியிருக்கிறது. வியட்நாம் போரை முடிக்கப் பாரிஸில் பேச்சுவார்த்தை என்று 1968-ல் கூடியவர்கள் மேசையின் வடிவத்தைப் பற்றியே சுமார் 10 வாரம் சண்டை போட்டார்கள். இரண்டு தரப்பு என்று காட்டும் மேசையா, நான்கு தரப்பு என்று காட்டும் மேசையா என்பதுதான் தகராறு. கடைசியில் 1969 ஜனவரியில் ஒரு பெரிய வட்ட மேசை, அதற்கு எதிரெதிர்ப் பக்கம் கொஞ்சம் தள்ளி எழுத்தர்களுக்கு இரண்டு சின்ன செவ்வக மேசைகள் என்று முடிந்தது. இரண்டாகப் பார்க்கிறவருக்கு இரண்டு, நான்காகப் பார்க்கிறவருக்கு நான்கு.

நம் மொழியில் இந்தக் கூட்ட வட்டம் அப்படியே உறைந்து கிடக்கிறது. உறவினர்களுக்கு நம் பழைய சொல் சுற்றம், அதாவது சுற்றி இருப்பவர்கள். தாலுகாவுக்கு வட்டம் என்று பெயர், அதற்கு வட்டாட்சியர். வட்டங்கள் பல சேர்ந்தால் மாவட்டம், பெரிய வட்டம். தமிழ்நாட்டு வரைபடத்தில் ஒரு மாவட்டமாவது வட்டமாக இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள், அடுப்பங்கரையில் நான் முதன்முதலில் தேய்த்த சப்பாத்திகள்தான் ஞாபகம் வருகின்றன. குழந்தைக்குக் கண்பட்டுவிட்டது என்றால் மிளகாயும் உப்பும் கையில் எடுத்து மூன்று சுற்று சுற்றித்தான் அடுப்பில் போட வேண்டும், தலைக்கு மேல் நேராகக் காட்டிவிட்டுப் போட்டால் எந்தப் பாட்டியும் ஒத்துக்கொள்ள மாட்டார்.

இந்தப் பாசம் நம்மை ஏமாற்றியும் இருக்கிறது. கிரகங்கள் வட்டத்தில்தான் சுற்ற வேண்டும், ஏனென்றால் வட்டம்தான் பூரணம் என்று கிரேக்கர்கள் முடிவுகட்டினார்கள். வானத்தில் பார்த்தது அதோடு ஒத்துவராதபோது, வட்டத்தின் மேல் சின்ன வட்டம், அதன் மையத்தைக் கொஞ்சம் நகர்த்து, என்று தாலமி ஒட்டுப்போட்டார். நம்மூர் வானியல் கணக்கிலும் மந்தம், சீக்கிரம் என்று சிறுவட்டங்கள் உண்டு. பூமியை நடுவிலிருந்து தூக்கிய கோப்பர்னிக்கஸே 1543-ல் வட்டத்தை விடவில்லை. கெப்ளர்தான் செவ்வாயோடு வருடக்கணக்கில் மல்லுக்கட்டினார். டைக்கோ பிராஹே அளந்துவைத்த இடத்துக்கும், வட்டத்தை வைத்துத் தான் போட்ட கணக்குக்கும் 8 பாகைக்கலை வித்தியாசம் வந்தது. முழுநிலாவின் அகலத்தில் கால் பங்குதான். வேறு ஆளாக இருந்தால் அளவெடுத்ததில் பிசகு என்று விட்டிருப்பார். இவர் வட்டத்தை விட்டார், 1609-ல் நீள்வட்டம் வந்தது. செவ்வாயின் பாதையை 10 சென்டிமீட்டர் அகலத்துக்குத் தாளில் போட்டால் நீளத்துக்கும் அகலத்துக்கும் வித்தியாசம் அரை மில்லிமீட்டர்கூட வராது. அந்த விளையாட்டில் அதற்கு 99 மார்க் விழுந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

கடைசியாக ஒன்று. வட்டம் போடுவது உடம்போடு வந்தது என்றாலும், அதை எந்தப் பக்கமாகச் சுற்றுகிறோம் என்பது வளர்ப்பில் வருகிறது. கூகுளின் ஒரு வரைதல் விளையாட்டில் உலகம் முழுவதும் இருந்து சேர்ந்த சுமார் ஒரு லட்சம் வட்டங்களை 2017-ல் ஒரு செய்தித்தளம் அலசியது. அமெரிக்காவில் போட்டவற்றில் 86 சதவீதம் இடஞ்சுழி, அதாவது கடிகாரத்துக்கு எதிர்த்திசை. ஜப்பானில் 80 சதவீதம் வலஞ்சுழி. எழுத்துப் பழக்கம்தான் காரணம் என்று சொன்னார்கள். ஆங்கிலத்தின் ஓவையும் சியையும் இடப்பக்கமாக வளைத்துப் பழகிய கை ஒரு மாதிரி, தூரிகை எழுத்துகளின் கோட்டு வரிசையில் பழகிய கை இன்னொரு மாதிரி.

தமிழ்க் கை எப்படி என்று ஒரு நாள் ராத்திரி வீட்டில் சோதித்தேன். எழுத்து முழுக்கச் சுழியாக வைத்திருக்கிற மொழி ஆயிற்றே. (ஓலையில் நேர்கோடு கீறினால் கிழியும், அதனால்தான் நம் எழுத்து வட்டமானது என்பார்கள். அப்படியே இருந்தாலும் ‘ட’ தப்பித்துவிட்டது. பழைய தமிழி, அதாவது தமிழ் பிராமி, கல்வெட்டில் அது அரைவட்டம், இன்றைக்கு ஒரு வளைவுகூட இல்லாமல் மூலையாக நிற்கிறது.) நான் இடஞ்சுழி. அக்கா இடஞ்சுழி. அக்கா மகள் ஒரு தடவை அப்படி, ஒரு தடவை இப்படி, அவளுக்கு இன்னும் பள்ளிக்கூடம் ஆரம்பிக்கவில்லை. அம்மாவிடம் பென்சிலைக் கொடுத்தேன், இடஞ்சுழியாகப் போட்டார். மறுநாள் காலையில் வாசலில் கோலம் போடும்போது எட்டிப் பார்த்தால், நடுவட்டத்தை மாவில் வலஞ்சுழியாக இழுத்துக்கொண்டிருந்தார். நேற்று வேறு பக்கமாகச் சுற்றினாயே என்றேன். நிமிரவில்லை. “அது பென்சிலுடா” என்றார்.